ஒற்றை மணி

முதியோர் இல்லத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று மகள் மணியை அழுத்திக்கொண்டே இருந்தாள். உள்ளே அது அடிப்பது அவளுக்கே கேட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நர்ஸுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் தலை நிமிரவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, துண்டுகளை மடித்தபடி, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மகள் கதவைத் தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அறைந்தாள்.

கதவு திறந்தது.

"என்னம்மா, பார்க்கிற நேரம் சாயங்காலம்தானே?"

"காலைல போன் பண்ணீங்களே, அப்பா கொஞ்சம் டல்லா இருக்கார்னு."

"முடிஞ்சா சாயங்காலம் வாங்கன்னுதானே சொன்னோம்?"

"கடைலேர்ந்து அப்படியே ஓடி வந்துட்டேன்."

பொய்யில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வந்தவர் ஒருவரின் காதுக்குப் பின்னால் காம்பை வளைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, காலையில் கேட்ட அந்த 'டல்' மறுபடி வந்து குத்தியது. அப்பா கோபமாக இருப்பார், குறும்பாக இருப்பார், யாரென்று தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பார். டல்லாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பியவள், சட்டைப் பையில் இருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரைக்கூட எடுத்து வைக்கவில்லை.

"டிரஸ் மாத்திட்டிருக்காங்க. உட்காருங்க, கூப்பிடறோம்."

சோபாவில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரும் அதே சோபா. அப்பாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, சக்கர நாற்காலியில் வைத்து இங்கேதான் தள்ளிக்கொண்டு வருவார்கள். முட்டிவரை போர்வை போர்த்தியிருக்கும். பவுடர் மணக்கும். அவரும் அவளும் அரை மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். பிறகு நாற்காலி திரும்பிப் போய்விடும். யோசித்துப் பார்த்தால், சேர்த்த நாளுக்குப் பிறகு மாடியில் அவருடைய அறையை அவள் பார்க்கவே இல்லை. போன ஞாயிறு கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. அதற்கு முந்தின ஞாயிறு, ஜுரம் பரவுது, யாரும் வரவேண்டாம் என்று இல்லத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள்.

நர்ஸின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. வரிசை வரிசையாகக் குட்டி விளக்குகள், கட்டிலுக்கு ஒன்றாக. அதில் ஒன்று எரிந்தது, கூடவே மணியும் அடித்தது. நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி ஒரு பொத்தானைத் தட்டினாள். விளக்கு அணைந்தது. துண்டு மடிப்பது நிற்கவில்லை.

"யாரோ கூப்பிடறாங்க போல," என்றாள் மகள்.

"அது அவங்களுக்குப் பழக்கம்மா."

மகளுக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள். "மேல எல்லாம் போகக் கூடாதும்மா, ஏம்மா, இந்தாம்மா..." என்ற குரல் பின்னால் வர, படியேறினாள்.

அறையில் இரண்டு கட்டில்கள். வாசல் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் பக்கத்தில் அப்பா. யாரும் டிரஸ் மாற்றிக்கொண்டிருக்கவில்லை.

"அப்பா."

வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு வெயிலில் காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. கண்கள் பாதி மூடி, மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. மூச்சு வந்தது, நின்றது, நினைவு வந்ததுபோல் மறுபடி வந்தது. நீளமான ஜன்னல் திண்டில், கட்டிலிலிருந்து கை எட்டாத தூரத்தில், ஒரு ஜாடி நிறையத் தண்ணீர். அதன்மேல் தூசி மிதந்தது.

கைக்குட்டையை நனைத்து உதட்டில் வைத்தாள். அவர் நாக்கு அதைத் தேடி வந்தது. குழந்தை தேடுகிற மாதிரி.

"நீங்கதான் கண்டக்டரோட பொண்ணா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "என்னை இங்க ரேடியோன்னு கூப்பிடுவாங்கம்மா. உங்க அப்பா வச்ச பேருதான். வாய மூட மாட்டேன்னு."

அவள் அப்பாவின் கண்ணாடியைத் தேடினாள். பக்கத்து மேசையில் இருந்ததைக் கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. இது கனமானது, கிட்டத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடுவது. அப்பாவுக்குத் தூரம்தான் தெரியாது. ஒரு காம்புக்கு அவளே கடையில் பித்தளைத் திருகு போட்டுக் கொடுத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பித்தளைத் திருகு ரேடியோவின் காதோரம் மின்னுகிறது.

"ஐயா, நீங்க போட்டிருக்கிறது எங்க அப்பாவோடது."

"அப்படியா!" அவர் கழற்றிப் பார்த்தார். "அதானே பார்த்தேன். எல்லாத்தையும் ஒரே பேசின்ல போட்டுக் கழுவுவாங்கம்மா. அப்புறம் யாருக்கு எது வருதோ அது. இது வந்ததிலேர்ந்து டீவில எல்லாரும் இளைச்சுப் போயிட்டாங்க. பல்லு செட்டும் அப்படித்தான். சில நாள் நான் சிரிக்கும்போது யார் சிரிக்கிறான்னே எனக்குத் தெரியறதில்லை."

அவளுக்கே சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. பவுடர் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

போர்வையை விலக்கினாள். குதிகால் கறுத்திருந்தது. அப்பாவை மெல்ல ஒருக்களித்துப் பிடித்து, சட்டையைத் தூக்கி, இடுப்புக்கு மேலே பார்த்தாள். பார்த்ததும் சட்டையைக் கீழே விட்டுவிட்டாள். பிறகு தன்னைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி தூக்கிப் பார்த்தாள். பெற்ற அப்பாவின் முதுகை அப்படிப் பார்க்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

மணி எங்கே? கட்டிலுக்குப் பக்கத்தில்தானே தொங்க வேண்டும்? தேடினாள். தலைக்கு மேலே, திரைச்சீலைக் கம்பியில், மணியின் வயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். படுத்திருப்பவருக்கு அது தெரியும். எட்டாது.

அந்த நேரத்தில் மாடி ஆயா வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பாலில் ஊறிய ரொட்டிக் கிண்ணங்கள். மகளைப் பார்த்ததும் நின்றாள்.

"இதை யாரு மேல கட்டினது?"

ஆயா வயரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"நானா?"

"சேர்த்த அன்னிக்கு. ரெண்டு பெல் அடிச்சா கண்டுக்காதீங்க, ஓடி வராதீங்கன்னு."

அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வேலை செய்தது டவுன் பஸ்ஸில். கூரையோடு ஓடும் கயிற்றை இழுத்து மணியடித்தே வயது போயிற்று. ஒன்று அடித்தால் நிறுத்து, யாரோ இறங்க வேண்டும். இரண்டு அடித்தால் போகலாம். வீட்டிலும் அதுதான் பாஷை. சாப்பிட்டு முடித்தால் தட்டில் இரண்டு தட்டு. அம்மா திட்ட ஆரம்பித்து நிறுத்தாமல் போனால் மேசையில் ஒரே ஒரு தட்டு, அவளும் சிரித்துவிடுவாள். "படியில ஒருத்தன் கால் இருக்கும்போது ரெண்டு அடிக்கிறவன் கண்டக்டரே இல்லை" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

நினைவு தேய ஆரம்பித்த பிறகு இரண்டு தட்டு மட்டும் மிஞ்சியது. கையில் கிண்ணம் கிடைத்தால் அதில், சுவர் கிடைத்தால் சுவரில். இல்லத்துக்கு வந்த முதல் நாள், கட்டில் பக்கத்தில் மணிப் பொத்தானைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும். டிங் டிங். ஆயா ஓடி வந்தாள். ஒன்றுமில்லை. டிங் டிங். மறுபடி ஓடி வந்தாள். மூன்றாவது தடவை ஆயாவின் முகம் மாறியது. மகளுக்குப் பயம் வந்துவிட்டது. இவரை வைத்துக்கொள்ள முடியாது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் சிரிப்பாகச் சொல்லி வைத்தாள்: ரெண்டு அடிச்சா கண்டுக்காதீங்க, வண்டிய எடுக்கச் சொல்றார், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

ஒன்று அடித்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"ரெண்டுன்னுதானே சொன்னேன்," என்றாள் இப்போது.

"ஒண்ணோ ரெண்டோ, நான் எங்கம்மா எண்ணிட்டிருப்பேன்? இந்த மாடி பூரா நான் ஒருத்தி. ஒருத்தரைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் ஒருத்தர் விழுந்து கிடப்பார்." ஆயா ஒரு கிண்ணத்தை அப்பாவின் மேசையில் வைத்தாள். வைத்தபிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

மகள் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் இருப்பது வேறு ஊரில்.

"பாப்பா, நான் சொல்றதக் கேளு. அவங்களைப் பகைச்சுக்காதே. நாளைக்கே வெளிய அனுப்பிட்டா எங்க வச்சுப்பே? உன் வீட்டுல மாடிப்படி. என் வீட்டுல..." நிறுத்தினான். அவன் வீட்டில் என்ன என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "இந்த வயசுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையணுமா?"

"அண்ணா, அப்பா முதுகுல பள்ளம் விழுந்திருக்கு."

"பள்ளம்னா?"

"என் விரல் உள்ள போகும்ணா."

அந்தப் பக்கம் ஏதோ நாற்காலி நகர்ந்தது மட்டும் கேட்டது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடு," என்றான். "நான் கிளம்பறேன்."

அவள் கூப்பிட்டு முடிப்பதற்குள் பெரிய சிஸ்டர் வந்துவிட்டாள். இல்லத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை.

"எங்களைக் கேட்காம ஆம்புலன்ஸ் எதுக்கும்மா? டாக்டர் சாயங்காலம் வருவார்."

"அவர் முதுகைப் பார்த்தீங்களா?"

"இந்த வயசுல தோல் காகிதம் மாதிரி ஆயிடும். என்ன பண்ணினாலும் வரும்."

"திருப்பிப் படுக்க வச்சாலுமா? தண்ணி குடுத்தாலுமா?"

பெரிய சிஸ்டர் ஜாடியைப் பார்த்தாள். நடந்து போய், அதை எடுத்து வந்து, கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாள், இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது போல. "கீழே ஒரு வார்த்தை சொல்லிடறேன், கேட்டைத் திறந்து வைக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காத்திருந்தாள். காத்திருக்கிற நேரம் இருக்கிறதே, அதற்கு முதுகெலும்பே கிடையாது. எப்படிப் பிடித்தாலும் நழுவும். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் ஜன்னலுக்கு ஓடினாள். ஓடியபோது அப்பாவின் கை விட்டுப் போகிறதே என்று திரும்பி ஓடி வந்தாள். கைக்குட்டையை நனைத்தாள், உதட்டில் வைத்தாள். முதல் தடவை தேடி வந்த நாக்கு இப்போது வரவில்லை.

"அப்பா, இதோ வந்துடும்பா. கொஞ்சம் இருங்கப்பா."

அவர் கை அவள் கைக்குள் இருந்தது. கட்டைவிரல் அசைந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு அழுத்து. அவ்வளவுதான். அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். இரண்டாவது வரும், எப்போதும் வரும். வரவில்லை. நெடுநேரம் கழித்து மறுபடி ஒரு அழுத்து.

"இப்படித்தாம்மா," என்றார் ரேடியோ. அவர் குரல் இறங்கியிருந்தது. "வந்த புதுசுல ரெண்டு ரெண்டாத்தான் அடிப்பாரு. நான்கூடக் கேட்பேன், எந்த ஊருக்குய்யா வண்டின்னு. அப்புறம் முதுகு வலிக்குதுன்னு ஆனப்புறம் ஒத்தையா அடிக்க ஆரம்பிச்சாரு. அடிச்சிட்டு வாசலைப் பார்ப்பாரு. திரும்ப ஒத்தையா அடிப்பாரு. சத்தம் தாங்கலைன்னுட்டுத்தான் மேல கட்டிட்டாங்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அவருக்காக ஒரு தடவை என் பெல்லை அடிச்சேம்மா. அன்னிக்குப் பூரா என்னைப் பாத்ரூம் கூட்டிட்டுப் போகலை. அப்படியே கிடந்தேன். அதுக்கப்புறம் நான் பெல்லைத் தொடறதில்லை. இங்க நல்ல பேர் எடுத்து வச்சிருக்கேன்." கண்ணாடி இல்லாத கண்களைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. நீங்க போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

"சொல்லலை ஐயா."

அப்பாவின் விரல் மறுபடி அழுத்தியது. ஒன்று.

அவள் குனிந்தாள். காதோடு வாயை வைத்தாள். "இறங்கணுமாப்பா?"

தெருமுனையில் ஆம்புலன்ஸின் ஒலி கேட்டது. வந்துவிட்டது, கேட்டைத் திறந்து வைத்திருப்பார்களா, ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில் திரும்புமா, முதுகு அழுந்தாமல் எப்படித் தூக்குவார்கள்? எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது. "வந்தாச்சுப்பா, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டார் என்பது அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் உறைத்தது. அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பார்த்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடித்தான் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கழுத்தில் விரல் வைத்தார், மார்பில் காதுக்குழாயை வைத்தார், ஏதேதோ செய்து பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

அதன்பிறகு எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. டாக்டர் வந்தார். பெரிய சிஸ்டர் தோளில் கை வைத்தாள், மென்மையாகப் பேசினாள், சூடாக டீ வரவழைத்தாள். இரண்டு பேர் வந்து அப்பாவைத் துடைத்து, திருப்பி, முதுகுக்கு மருந்துத் துணி வைத்து, நல்ல சட்டை போட்டார்கள். அவ்வளவு பதமாகத் திருப்பினார்கள். மகள் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமான் எல்லாம் இன்னிக்கே எடுத்துட்டா நல்லதும்மா," என்றாள் பெரிய சிஸ்டர். "நாளைக்கு ஒருத்தர் வர்றார்."

அலமாரியில் இருந்த பாதிச் சட்டைகள் அப்பாவுடையவையே இல்லை. அவருடையதை மட்டும் பையில் போட்டாள். அப்பாவின் கண்ணாடியை ரேடியோவிடம் வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். மேசையில் இருந்த கனத்த கண்ணாடியை எடுத்து ரேடியோவின் மூக்கில் போட்டுப் பார்த்தாள். ஒரு காம்பு ஆடியது. குட்டி ஸ்க்ரூடிரைவரால் திருகை இறுக்கிக் கொடுத்தாள்.

"அட, இதுதான் என்னோடது!" என்றார். "உங்க முகம் இப்பத்தாம்மா தெரியுது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவைக் கீழே கொண்டுபோன பிறகு, காலிக் கட்டில்மேல் ஏறி நின்று, அதே ஸ்க்ரூடிரைவரின் நுனியால் வயரின் முடிச்சைக் குத்திக் குத்தி அவிழ்த்தாள். மணி கீழே வந்து ஆடியது. நாளைக்கு வருபவருக்கு எட்டும். இறங்கி, ரேடியோவின் தலையணைக்குப் பின்னால் கிடந்த அவருடைய பொத்தானை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஐயோ, நமக்கு எதுக்கும்மா?"

"கைலயே இருக்கட்டும். வேணும்னா ஒண்ணு அடிங்க."

"அடிச்சா யாரு வருவா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். அவள் அவர் விரல்களைப் பொத்தான்மேல் மடித்து வைத்தாள்.

வண்டி வாசலோடு ஒட்டி நின்றது. ஆம்புலன்ஸ் இல்லை, இது வேறு வண்டி. அண்ணன் நேராக வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பின்பக்கம் அப்பா நீட்டிப் படுத்திருக்க, பக்கவாட்டுப் பலகையில் மகள் உட்கார்ந்தாள். பை மடியில். பின்கதவு இன்னும் மூடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக வரவேற்பு மேசை தெரிந்தது, நர்ஸ் தெரிந்தாள், அவள் தலைக்குப் பின்னால் விளக்குப் பலகை தெரிந்தது.

ஓட்டுநர் எஞ்சினைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "போலாமாம்மா?"

அவருக்குத் தெரியட்டும் என்று, வண்டியின் தகரத்தில் தட்டக் கையைத் தூக்கினாள். இரண்டு தட்ட வேண்டும்.

உள்ளே மணி அடித்தது. ஒன்று.

பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. நர்ஸ் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டி அணைத்தாள்.

மகளின் கை தகரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.

மறுபடி அடித்தது. ஒன்று. கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் நடுங்கி, பாதி அழுத்திய மாதிரி.

அவள் பையை அப்பாவின் காலருகே வைத்தாள். வண்டியிலிருந்து இறங்கினாள்.

"என்னம்மா, ஏதாவது விட்டுட்டீங்களா?"

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதியில் மணி இன்னொரு தடவை கேட்டது. மகள் இன்னும் பூட்டாத கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, மேசையைத் தாண்டிப் படியேறினாள். நர்ஸின் கை பொத்தானை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

வெளியே வண்டி பின்கதவைத் திறந்துவைத்தபடி நின்றுகொண்டிருந்தது. பலகையில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.